சந்தனம் பூசிய சீடி

போன வெள்ளிக்கிழமையும் தர்சிகா வந்திருந்தாள். கலியாண எழுத்து முடித்துவிட்டு நீ கனடாவுக்குத் திரும்பிய பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வராமல் விட்ட வெள்ளிக்கிழமை குறைவு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் காலை வேலை முடிந்ததும் தாதி உடுப்பை மாற்றிக்கொண்டு, அம்மன் கோயிலுக்குப் போய், அங்கிருந்து மல்லாகத்துக்கு பஸ் ஏறி வருவாள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள். அப்பாவுக்கு பிரஷர் பார்ப்பாள், என்னுடைய குளிசைகளை நாள்வாரியாகப் பிரித்து டப்பியில் போடுவாள், கொடியில் காய்கிற உடுப்புகளை எடுத்து வந்து மடிப்பாள். சட்டப்படி அவள் உன் மனைவி. தாலி ஏறாதபடியால் இருட்டுவதற்கு முன் கொடிகாமத்துக்குத் தாய் தகப்பனிடம் போய்விட வேண்டும். அங்கே போனால், இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிற பிள்ளை என்று ஒரு கதை. இங்கே வந்தால், இன்னும் வந்து சேராத மருமகள் என்று ஒரு கதை. எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் நிற்கிற பெண் இரண்டு வீட்டிலும் விருந்தாளிதான்.

அன்றைக்கு அவள் அப்பாவின் சாரத்தை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமி, குறை நினைக்கக் கூடாது. ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"ஆவணியிலை இல்லை எண்டாச்சு. தையிலையாவது ஒரு நாள் சரிவருமோ?"

"என்ன நாள்?"

"கலியாண நாள்தான் மாமி. நீங்கள் ரெண்டு பேரின்ரை சாதகக் குறிப்பையும் வைச்சுப் பாக்கிறீங்கள், ஒண்டும் பொருந்துதில்லையாம். அம்மா சம்மதிக்காமல் நாள் வைக்கேலாது எண்டு அவர் சொன்னவர்."

என்னிடம் நீ ஒரு நாளும் பார்க்கச் சொன்னதில்லை. உங்கள் இருவருடைய குறிப்புகளும் எழுத்துக்கு முன் பார்த்ததோடு சாமி அறையில் கிடக்கின்றன. நான் நாள் பார்ப்பவள் என்பது ஊருக்கே தெரியும். வெள்ளி செவ்வாய் விரதம் விடமாட்டேன், பஞ்சாங்கம் பாராமல் ஒரு பலாக்கன்றுகூட நட்டதில்லை. ஆகவே நீ சொன்னதை அவள் நம்பியதில் பிழை இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடி" என்றேன். அவள் குடித்தாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் மறுக்காததையே மறுமொழியாக எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. இதை ஒருமுறை முன்பும் கேட்டிருக்கிறோமே என்றுதான் பட்டது. அந்தமுறை காரணமாக நின்றது நாளும் குறிப்பும் அல்ல, சந்தனம்.

அந்தக் கதையை நீ உன் எழுத்தன்று மத்தியானச் சாப்பாட்டிலும் சொன்னாய். பெண் வீட்டார் முன்னால் எழும்பி நின்று, "எங்கடை அப்பாவின்ரை கேம் கடையை மூடப்பண்ணினது ஆர் தெரியுமோ? எங்கடை அம்மாவின்ரை சந்தனம்!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நீ ஒன்பது வயதிலிருந்து நம்புகிறாய். நடந்தது வேறு. அதை உனக்கு இப்போது ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டை நின்று பாதை திறந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன் அப்பா சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். பாட்டு நடுவில் கை நோகிறது என்று ஆள் மாறினால் பாடுகிறவருடைய குரல் கிழவன் குரலாகிவிடும். அப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த இடத்துக்கு, பாதை திறந்ததும் ஜேர்மனியில் இருந்த உன் பெரியப்பா வந்தார். வரும்போது அப்பாவுக்கு மூன்று பெட்டிகள் கொண்டுவந்தார். சீடி போட்டு ரீவியில் விளையாடுகிற மெசின்கள். அங்கே ஒரு கடையை மூடுகிறார்களாம், வந்த விலைக்குக் கொடுத்தார்களாம். அவருக்கும் அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. தம்பி மெசின் திருத்துகிறவன், உதவும் என்று தூக்கி வந்தார்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அப்பாவின் இங்கிலீசு றேடியோப் பாகங்களின் பெயரோடு முடிந்துவிடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானங்களில் எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகியிருந்தேன். அதனால் அந்தப் புத்தகத்தை வாசித்துச் சொன்னது நான்தான். அதில் எழுதியிருந்ததைச் சொன்னால் இப்போது உனக்குச் சிரிப்பு வரும். விளையாட்டு, படம், பாட்டு, பிள்ளைகளின் பாடம், குடும்பப் புகைப்படம், எல்லாவற்றுக்கும் இனி இந்த ஒரு பெட்டி போதும், வேறொன்றும் வீட்டில் தேவைப்படாது என்று எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "உலகத்திலை இப்ப ஆகப் பிந்தி வந்த சாமான் இதுதான்" என்று தானே முடிவு செய்தார். புத்தகம் அச்சடித்த ஆண்டைப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எங்களிடம் ஒன்றுமே வராதிருந்த காலத்தில் அது அங்கே பிறந்து, வளர்ந்து, செத்தும் போய்விட்டது. எங்களுக்கு அது அன்றைக்குத்தான் பிறந்தது.

றேடியோக்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மூன்று ரீவி, மூன்று மெசின், வெளியில் ஒரு ஜெனரேற்றர் என்று கடையை மாற்றினார். அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டால் சைக்கிள்கள் சந்தை மதில்வரை நிற்கும். சமையல் முடித்துவிட்டு நான் போய் மேசையில் இருப்பேன். யார் வந்தது, எதை விளையாடியது என்று ஒரு கொப்பியில் எழுதுவேன். எனக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் நித்திரை வராது, உனக்குத் தெரியும். பிள்ளைகள் அதையும் பகிடி பண்ணுவார்கள்: "மாமி, உந்த இடாப்பிலை நான் இண்டைக்கு ரெண்டு தரம் செத்ததையும் எழுதினனீங்களோ?" நீ பள்ளிக்கூடத்தில் ராசா மாதிரித் திரிந்தாய். உன்னோடு சண்டை பிடித்தவனுக்குக் கடையில் இடம் இல்லை என்று நீயாகச் சட்டம் போட்டாய். அப்பா மினுக்கிய சேட்டோடு கடைக்குப் போன ஒரே காலம் அதுதான்.

வந்தவர்களில் ஒருவர் மட்டும் பெரிய ஆள். சூசை அண்ணை. மயிலிட்டியில் வள்ளமும் வலையும் வைத்திருந்த மனிதர். ஊரை ஆமி எடுத்த பிறகு குடும்பத்தோடு மல்லாகத்து அகதி முகாமில் இருந்தார். கிடைக்கிற கூலி வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, கழுவி உடுத்த சாரத்தோடு கடைக்கு வருவார். அவர் விளையாடுவது எப்போதும் ஒரே விளையாட்டு: கார் ஓட்டம். அதில் ஒரு பாதை கடற்கரையோரமாக வளைந்து வளைந்து போகும். அந்தக் காலத்துக்கு அது உண்மையான கடல் மாதிரியே இருக்கும், அலை வந்து வந்து போகும். சூசை அண்ணை அந்த இடம் வந்ததும் காரை மெதுவாக்கிவிடுவார். பின்னால் நிற்கிற பொடியள் பொறுக்கமாட்டார்கள்.

"அண்ணை, அமத்துங்கோ அண்ணை! எல்லாரும் முந்திப்போட்டாங்கள்!"

"முந்தட்டும். அவங்களுக்கு என்ன அவசரமோ. நான் கடல் பாக்க வந்தனான்."

"அண்ணை, கடல் இஞ்சை எல்லாப் பக்கமும் கிடக்குதானே."

"அது மற்ற ஆக்களின்ரை கடல் தம்பி."

மெசினோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இனி வரப்போகிற விளையாட்டுகளின் படங்கள் இருந்தன. அதில் ஒன்று வள்ளம் ஓட்டுகிற விளையாட்டு. எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம், மூக்கு மேலே தூக்கி நிற்க, இரண்டு பக்கமும் தண்ணீர் பிளந்து போகும். அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். சூசை அண்ணை அதைக் கண்ட அன்றைக்கு விளையாடவே இல்லை. படத்துக்குக் கீழே இருக்கிற இங்கிலீசு எழுத்தைக் காட்டி, "என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன்: "விரைவில் வரும் எண்டு போட்டிருக்கு அண்ணை." அப்பா உடனே, "அடுத்த மாதம் வந்திடும், அண்ணாவிட்டைச் சொல்லியிருக்கிறன்" என்றார். அன்றைக்கு அது பொய் இல்லை. அப்பா உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. உன் புத்தகங்களோடு, அப்பாவின் ஈயம் பற்ற வைக்கிற கோலோடு, ஒரு மெசினையும் ஐந்தாறு சீடிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கும்பத்துக்கு முன்னால் வைத்தேன். சோறு போடுகிற சாமானுக்குப் பூசை செய்யாமல் எப்படி? எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். சீடிக்கு எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பளபளவென்று இருக்கிற பக்கத்தில் என் முகமே தெரிந்தது. ஆகவே அதுதான் முகம் என்று எடுத்துக்கொண்டேன். படம் ஒட்டிய பக்கத்தைக் கீழே வைத்து, பளபளக்கிற பக்கத்தில் நடுத் துளையைச் சுற்றி நல்ல பெரிதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, மேலே திருநீறும் தூவினேன். விஜயதசமியன்று காலை அப்பா எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சாரும்! உதென்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"ஏன், பொட்டு வைச்சிருக்கிறன்."

"மற்றப் பக்கத்திலை வைக்கக் கூடாதே? மெசின் வாசிக்கிறது உந்தப் பக்கத்தையடியப்பா. உதுக்குக் கண் உந்தப் பக்கம்தான்!"

"கண் இருக்கிற பக்கத்திலைதானே பொட்டு வைக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சீடிகளை அவர் அன்றைக்கே கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து வெளியே மெதுவாகத் துடைத்தார். மெசினுக்குள் போயிருந்த திருநீற்றை ஊதி எடுத்தார். பின்னேரம் கடையில் போட்டபோது ஒவ்வொன்றும் ஓடியது. சூசை அண்ணையின் கடலும் ஓடியது. சந்தனம் செய்த சேதம் ஒரு சவர்க்காரக் கட்டி.

கடை விழுந்தது வேறு விதமாக. கார்த்திகை மழைக்குப் பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரில் இன்னொருவர் கடை திறந்தார். கொழும்பிலிருந்து வந்த புதிய மெசின். அதற்கு வாரா வாரம் புதுச் சீடி வந்தது, மலிந்த விலைக்கு. எங்களிடம் இருந்தது பெட்டிகளோடு வந்த அதே சீடிகள்தான். நல்ல விளையாட்டுகள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பொடியள் எல்லாவற்றையும் கடைசிவரை முடித்துவிட்டார்கள். என் கொப்பியில் முதலில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் நின்றன, பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மாமா, புதுக் கேம் வந்திட்டுதோ?" அப்பா தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று ஜேர்மனிக்குப் பேசினார். நானும் கூடப் போனேன். போன் பெட்டிக்குள் நின்று, "ஓம் அண்ணை... ஓம்... ஓமோ?... சரி அண்ணை" என்றார். வெளியில் வந்து சைக்கிளை எடுத்தார். வீட்டுப் படலையடியில் வந்துதான் சொன்னார்: அந்த மெசினைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். அதற்கு இனி ஒரு சீடியும் உலகத்தில் வராதாம்.

அடுத்த நாள் அவர் கடையில் ஒரு பலகையை மாட்டினார். "புதிய விளையாட்டுகள் விரைவில்" என்று தானே வர்ணத்தால் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பின்னேரம் ஒரு பொடியன் கேட்டான்: "எப்ப மாமா? போன மாதமும் அடுத்த மாதம் எண்டுதானே சொன்னனீங்கள்?" அப்பா திடீரென்று சிரித்தார். "அதையேன் கேக்கிறாய், மாமி சீடியெல்லாத்துக்கும் சந்தனத்தைப் பூசிப்போட்டா! மெசினின்ரை கண் பழுதாப்போச்சு. அது சரிவந்தாத்தான் புதுசு போடலாம்" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நீயும் நின்றாய், நீயும் சிரித்தாய். பொடியள் என்னைப் பார்த்து நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரிக் காட்டினார்கள். நான் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த மெசினைப் புதிது என்று நம்பி வாங்கி வைத்த மனிதன் என்று ஊர் அவரைச் சொல்வதைவிட, பக்தி முற்றிய பெண்சாதி கெடுத்தாள் என்று சொல்வது குடும்பத்துக்குச் சுகம் என்று நினைத்தேன். சுமக்கப் பெரிய பாரமாகவும் தெரியவில்லை. அப்படித்தான் சந்தனக் கதை பிறந்தது. ஒரு பகிடிக்கு இருக்கிற பலம் என்னவென்றால், சிரித்தவன் பிறகு கேள்வி கேட்கமாட்டான்.

ஆனால் சிரிக்காத ஒருவர் இருந்தார். சூசை அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சுவரில் இருக்கிற வள்ளத்தைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார். அப்பா, "அடுத்த மாதம் அண்ணை" என்பார். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு பழைய காரை எடுத்துக்கொண்டு கடலோரம் போவார். பொடியள் மற்றக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஒரு ஞாயிறு அப்பா ஜெனரேற்றருக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தார். கடையில் நானும் சூசை அண்ணையும்தான். அவர் அன்றைக்குத் தன் மூத்த மகனையும் கூட்டி வந்திருந்தார். கடல் தொழிலுக்குப் போகிற வயது, கடலில் கால் வைக்காமல் முகாமில் வளர்ந்த பிள்ளை. சுவரில் இருந்த வள்ளத்தைக் காட்டி, "அடுத்த மாதம் வந்தவுடனை, எஞ்சின் பிடிக்கிறது எப்பிடியெண்டு உனக்குக் காட்டுறன்" என்று சொன்னார். அப்போதுதான் எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பகிடியும் இல்லை, சந்தனமும் இல்லை, ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வாக்கை நம்பித் தன்னுடையதைக் கொடுத்தார்.

"அண்ணை, அது வராது" என்றேன்.

"எது பிள்ளை?"

"வள்ளம். அடுத்த மாதமும் வராது, எப்பவும் வராது. மெசின் செய்தவங்கள் அதை விட்டிட்டாங்கள். இவருக்கும் தெரியும்."

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "சந்தனம் எண்டது?" என்று கேட்டார். "அது அண்டைக்கே கழுவினது அண்ணை" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"மயிலிட்டிக்கும் அடுத்த மாதம் எண்டுதான் சொல்லுறாங்கள் பிள்ளை. வருசக்கணக்காச் சொல்லுறாங்கள். ஒவ்வொரு மாதமும் பெட்டியைக் கட்டி வைச்சிட்டு இருக்கிறம். வராது எண்டு என்னட்டைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

பிறகு மகனிடம் திரும்பி, "வாடா, பண்ணைக் கடற்கரைப் பக்கம் போவம். ஆரின்ரை கடலெண்டாலும் தண்ணிதானே" என்றார். அடுத்த கிழமையிலிருந்து அந்தப் பிள்ளை குருநகரில் தெரிந்த ஒருவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பலகையை நம்பிக்கொண்டிருந்திருந்தால் போயிருப்பானா, எனக்குத் தெரியாது. நான் கதிரையில் ஏறி நின்று பலகையைக் கழற்றிக் கீழே வைத்தேன். அப்பா எண்ணெய்க் கலனோடு வந்து, வெறும் ஆணியைப் பார்த்தார். "கழட்டிப்போட்டீரோ" என்றார். "ஓம்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். அந்தக் கிழமையே றேடியோக்களைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தார். பிறகு போன் வந்தது, போன் திருத்தினார், அதில் நீ படித்தாய்.

உண்மையைச் சூசை அண்ணை ஒருவருக்குத்தான் சொன்னேன். பொடியளுக்குச் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. பலகை கழன்றது, பகிடி கழலவில்லை. அதை நீ கொண்டுபோனாய்.

இரண்டு மாதத்துக்கு முன் போனில் அந்த மெசினின் கதையைத் தேடிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பொடியன் அதை மேசையில் வைத்துக்கொண்டு சொல்கிறான். நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒரு கொம்பனி அதை வரைந்து கொடுக்க, வேறு பெரிய கொம்பனிகள் செய்து விற்றனவாம். வந்தபோது பத்திரிகை எல்லாம் புகழ்ந்ததாம். செய்கிறவனும் லாபம் பார்க்க வேண்டும், விற்கிறவனும் பார்க்க வேண்டும் என்பதால் விலை சாதாரண சனத்துக்கு எட்டவில்லையாம். வாங்கினவர்களுக்குப் போட்டு விளையாட நல்ல சீடிகளும் காணாதாம். பிறகு மற்றக் கொம்பனிகள் மலிவாக, நல்லதாகக் கொண்டுவர, இது படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள், இதைவிடக் கெட்டிக்கார மெசின் ஒன்று வருகிறது, பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அது கடைக்கு வரவே இல்லை. மெசின் கூடாதது என்று அந்தப் பொடியன் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஒன்று சரிவராமல் போவது குற்றமில்லை. கொம்பனி கடைக்காரனுக்குச் சொன்ன "விரைவில்", புத்தகத்தில் ஏறி, ஜேர்மனி போய், சுன்னாகம் வந்து, என் வாயாலேயே தமிழாகி, கடைசியில் முகாமில் இருந்த ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோருக்கும் "இல்லை" என்று சொல்ல வெட்கம்.

சூசை அண்ணையை நான் பிறகும் காண்பதுண்டு. ஆமி மயிலிட்டியை விட்ட பிறகு ஊருக்குப் போய்விட்டார். தெல்லிப்பழைக் கிளினிக்கில் சில நேரம் ஒரே வாங்கில் அமர்ந்திருப்போம். "எப்பிடி எங்கடை அடுத்த மாதம்?" என்றுதான் அப்பாவை இன்னமும் விசாரிப்பார்.

உன்னுடைய காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டதோ, காசு சேரவில்லையோ, மனம் மாறிவிட்டதோ, பயமோ. நான் கேட்கவும் இல்லை. அதை முதலில் கேட்க உரிமையுள்ளவள் நான் அல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு "இல்லை" என்று சொன்னால் அவள் அழுவாள், பிறகு எழும்பித் தன் வழியைப் பார்ப்பாள். "பொறு, இன்ன இன்ன கஷ்டம்" என்று உள்ளதைச் சொன்னால், மனம் இருந்தால் பொறுப்பாள். அம்மாவுக்கு நாள் சரிவரவில்லை என்று சொன்னால் அவளால் இரண்டில் ஒன்றையும் செய்ய முடியாது. கோபிக்கக்கூட முடியாது, சாமியோடும் மாமியோடும் எப்படிக் கோபிப்பது? அவள் வெள்ளிக்கிழமைகளில் வந்து என் குளிசையைப் பிரித்துக்கொண்டிருப்பாள், என் மனம் இளகட்டும் என்று. இதை நினைத்தபோதுதான் மகனே, எனக்கு அந்த உடுப்பு மடிப்பு, அந்தப் பிரஷர் பார்ப்பு எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன.

நேற்று, இந்த வெள்ளிக்கிழமையும், அவள் வந்தாள். தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

"பிள்ளை, நான் ஒரு நாளும் பாக்கேல்லை. அவன் என்னைப் பாக்கச் சொல்லவும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் நாளைக்கே வைப்பம் எண்டாலும் எனக்குச் சம்மதம்."

அவள் கையில் உன் பழைய சேட் ஒன்று இருந்தது, வீட்டில் அப்பா போடுகிறது. அதைப் பாதி மடித்தபடி நின்றாள்.

"அப்ப ஏன் மாமி...?"

"அதுக்கு மறுமொழி என்னட்டை இல்லை. அவனட்டைத்தான் இருக்கு."

அவள் அழவில்லை. மடிப்பை முடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு வழக்கம்போலக் குளிசை டப்பியை எடுத்து எல்லா நாளுக்கும் பிரித்துப் போட்டாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் கஷ்டமாக இருந்தது. படலையடியில் செருப்புப் போடும்போது சொன்னாள்: "நாளைக்குப் பின்னேரம் அவருக்கு எடுப்பன் மாமி. என்ன எண்டாலும் பரவாயில்லை. ஒண்டைச் சொன்னால் காணும்." அடுத்த வெள்ளி வருவாளா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசித்தார். சந்தனம் வந்த இடத்தில் விரலை வைத்து, "கழுவினது நான்தான் எண்டு போட்டிருக்கிறீர், அது சரி" என்றார். பலகை வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். "உதையும் இருக்க விடும். அவனுக்கு நான் முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார். கடிதம் தபாலில் போனால் சுணங்கும் என்று இப்போது ஒவ்வொரு தாளாக மேசையில் விரித்து வைத்துப் படம் எடுக்கிறார், உன் போனுக்கு அனுப்ப.

இங்கே பின்னேரம் என்றால் அங்கே உனக்குக் காலை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பாய். போன் அடிக்கும். எடு. நாளைப் பற்றி அவள் இனிக் கேட்கமாட்டாள், அதற்கு நான் மறுமொழி சொல்லிவிட்டேன். மிச்சத்தைத்தான் கேட்பாள்.

அம்மா